தொட்டி மீனும் ஊர்த் தண்ணீரும்

பாண்டி நாட்டுச் சீமையிலிருந்து ஸ்ரீவராகத்தில் வந்து குடியேறும் நம்மவர் முதலில் வியந்து கூறுவது இவ்வூர்த் தண்ணீரைப் பற்றியே. பருப்பு விரைவில் வெந்துவிடுகிறது. வெந்நீர்த் தவலையில் வெள்ளைப் படிவு கட்டுவதில்லை. ஆயினும், இல்லத்தில் மீன் வளர்ப்போருக்கு இந்நற்குணமே இடராக முடிவதுண்டு.

சென்ற ஆண்டு என் பேரனின் விருப்பத்திற்காக 50 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, அதில் கிணற்று நீரை நிரப்பி, மூன்று பொன்மீன்களை விட்டோம். இரண்டு திங்கள் நலமாக இருந்தன. பின்னர் இரை எடாமல் மூலையில் ஒதுங்கின. சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். 5 என்று காட்டிற்று. நீர் புளித்துவிட்டது என்று கருதி, சமையற் சோடாவை இரண்டு தேக்கரண்டி கரைத்து ஊற்றினேன். தாள் 8 காட்டிற்று, மகிழ்ந்தேன். மாலைக்குள் மூன்று மீன்களும் இறந்தன. “மருந்து போட்ட பிறகு ஏன் தாத்தா செத்துப்போச்சு?” என்று குழந்தை கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நீரின் புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்னும் எண்ணை 1909இல் வகுத்தவர், கோபன்ஹேகன் நகரில் ஆய்வு செய்த சோரன்சன் என்னும் அறிஞர். 7 நடுநிலை; அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஓர் எண் மாறினால் புளிப்பு பத்து மடங்கு மாறுகிறது என்பதை மறத்தலாகாது.

கேரளத்துச் செம்புரைப் பாறை நிலத்தில் பெருமழை பன்னெடுங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தை அரித்துச் சென்றுவிட்டது. ஆகவே இந்நிலத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் 6.5க்கும் கீழே நிற்கிறது. புளிப்பைத் தாங்கி ஈடுசெய்யும் கார்பனேட்டு உப்புகளும் அதில் குறைவு.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகையில் அமிலம் பிறக்கிறது. அவ்வமிலத்தை ஈடுசெய்து கார்பனேட்டு தீர்ந்ததும் எண் திடீரெனச் சரிகிறது. மிகுந்த புளிப்பில் அந்நுண்ணுயிர்களும் சோர்ந்து விடுவதால் கழிவு தேங்குகிறது. ஆனால் புளித்த நீரில் அது பெரும்பாலும் கடுமை குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். எண்ணை ஒன்று உயர்த்தினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. யான் ஒரே நாளில் மூன்று எண்கள் உயர்த்தினேன்! மருந்தென்று எண்ணி இட்டதே நஞ்சை எழுப்பிவிட்டது.

ஆகவே தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் எண்ணைத் துரத்த வேண்டா. அது நிலையாக நிற்கும்படி செய்தலே போதும். கிணற்று நீரை அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு வைத்திருந்து பின் அளக்க வேண்டும். அதிற் கரைந்துள்ள கரியமிலவாயு வெளியேறினால்தான் உண்மை எண் தெரியும். கழுவிய பச்சைச் சிப்பி ஓடு ஒரு கைப்பிடி எடுத்து, மெல்லிய துணியில் முடிந்து தொட்டியில் இடுக. நீர் புளிக்கப் புளிக்க அது மிகுதியாகக் கரையும். புளிப்பு தணிந்தால் கரைவதும் குறையும். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒருபோதும் இடலாகாது; அதன் கடுங்காரம் மீனைக் கொன்றுவிடும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக, இரையைக் குறைத்திடுக. தொட்டி முன்னமே புளித்துப் போயிருந்தால், நாள்தோறும் சிறிது சிறிதாக நீரை மாற்றிக் கழிவை நீக்கிய பின்னரே சிப்பியை இட வேண்டும்.

இப்போது எங்கள் தொட்டியில் இரண்டு மீன்கள் நீந்துகின்றன. ஞாயிறுதோறும் பேரனே தாளை நனைத்துப் பார்த்து, எண்ணைத் தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறான். கடந்த ஐந்து மாதங்களாக அந்த எண் 7ஐ விட்டு அதிகம் அசையவில்லை.