வாகனக் காப்பீடும் ஓட்டுநரின் கவனமும்

ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே வகை மகிழுந்தை இருவர் வாங்குகின்றனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, கட்டணத்தின் ஒரு பகுதியை ஒருவர் முழுமையாகச் செலுத்துகிறார். மற்றவரோ அதில் பாதியையே செலுத்துகிறார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம், கடந்த ஆண்டுகளில் அவர்கள் இழப்பீடு கேட்டார்களா இல்லையா என்பதே.

காப்பீடு என்றால் என்ன?

காப்பீடு என்பது பலர் கூடி ஒருவரது இழப்பைத் தாங்கும் ஏற்பாடு. வாகனம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்துகின்றனர். இதுவே பிரீமியம் எனப்படும் காப்பீட்டுக் கட்டணம். அவர்களுள் விபத்துக்குள்ளாகும் சிலருக்கு அத்தொகையிலிருந்து இழப்பீடு வழங்கப்படுகிறது.

இரு வகைக் காப்பீடுகள்

முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. ஒரு வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றை இது ஈடுசெய்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயமானது. இதன் கட்டணம் மகிழுந்தின் எஞ்சின் திறனுக்கேற்ப அரசால் வரையறுக்கப்படுகிறது. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 1000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத மகிழுந்துக்கு 2,094 ரூபாய். 1500 வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். கவனமாக ஓட்டுபவருக்கும் கவனமின்றி ஓட்டுபவருக்கும் இக்கட்டணம் ஒன்றே.

இரண்டாவது, சொந்தச் சேதக் காப்பீடு. உடைமையாளரின் வாகனத்திற்கு நேரும் சேதத்தையும், அது திருடுபோனால் ஏற்படும் இழப்பையும் இது ஈடுசெய்கிறது. வாகனத்தின் மதிப்பு, வயது, பதிவு செய்யப்பட்ட இடம் முதலியவற்றைப் பொறுத்து இதன் கட்டணம் அமைகிறது. உடைமையாளரின் கடந்தகாலம் கணக்கில் கொள்ளப்படுவது இப்பகுதியில்தான்.

ஐந்து படிகள்

ஓர் ஆண்டு முழுவதும் இழப்பீடு கோராதவருக்கு அடுத்த ஆண்டின் சொந்தச் சேதக் கட்டணத்தில் சலுகை அளிக்கப்படுகிறது. இதனை ‘நோ கிளைம் போனஸ்’ என்பர். தொடர்ந்து கோராத ஆண்டுகளுக்கேற்ப இச்சலுகை பின்வருமாறு உயர்கிறது:

ஓர் ஆண்டு – 20 விழுக்காடு
இரண்டு ஆண்டுகள் – 25 விழுக்காடு
மூன்று ஆண்டுகள் – 35 விழுக்காடு
நான்கு ஆண்டுகள் – 45 விழுக்காடு
ஐந்து ஆண்டுகள் – 50 விழுக்காடு

ஒருமுறை இழப்பீடு பெற்றாலும், பொதுவாக மறு ஆண்டில் சலுகை முற்றிலும் நீங்கிவிடும். மீண்டும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டும். சலுகையைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பைத் தனிக் கட்டணம் செலுத்திப் பெற்றவர்களுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு.

ஒரு கணக்கு

ஒருவரின் சொந்தச் சேதக் கட்டணம் 10,000 ரூபாய் என்றும், அது ஆண்டுதோறும் மாறாது என்றும் கொள்வோம். 50 விழுக்காடு சலுகை பெற்ற அவர் 5,000 ரூபாய் மட்டுமே செலுத்துகிறார். அவரது மகிழுந்தின் கதவு நசுங்குகிறது. சீர்செய்ய 3,000 ரூபாய் ஆகும். அதற்காக அவர் இழப்பீடு பெற்றால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் முறையே 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 ரூபாய் செலுத்த நேரிடும். கோராதிருந்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாயே போதும். ஆகவே, 3,000 ரூபாயைப் பெறுவதற்காக அவர் 12,500 ரூபாயை இழக்கிறார். எனவேதான் சிறு சேதங்களைப் பலர் தம் செலவிலேயே சீர்செய்துகொள்கின்றனர். பெருஞ்சேதம் நேரும்போது இழப்பீடு கோருவதே பொருத்தமாகும்.

உடன்வரும் சலுகை

இச்சலுகை வாகனத்திற்கு உரியதன்று, உடைமையாளருக்கு உரியது. சென்னையிலிருந்து தில்லிக்குப் பணிமாற்றம் பெறும் ஒருவர் தம் மகிழுந்தை விற்றுவிட்டால், காப்பீட்டு நிறுவனத்திடம் சலுகைச் சான்றைப் பெற்றுக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகளுக்குள் வேறு மகிழுந்து வாங்கும்போது அச்சலுகையைப் பயன்படுத்தலாம். காப்பீட்டு நிறுவனத்தை மாற்றினாலும் சலுகை தொடரும். ஆனால், காப்பீடு முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிடில் சலுகை மறையும். முன்னர் இழப்பீடு பெற்றதை மறைத்துச் சலுகை பெறுபவர், சேதம் நேரும்போது இழப்பீட்டையே இழக்க நேரிடும்.

குறையும் புதிய முயற்சியும்

இம்முறையில் ஒரு குறை உண்டு. இது கேட்கப்பட்ட இழப்பீட்டைக் கணக்கிடுகிறதே அன்றி, ஓட்டும் முறையைக் கணக்கிடுவதில்லை. சிவப்பு விளக்கை மதியாது செல்பவரும், விபத்து நேராத வரையில், சலுகை பெறுவார். நின்றிருந்த வண்டியின் மீது வேறொருவர் மோதினாலும், தம் காப்பீட்டில் இழப்பீடு பெறும் உடைமையாளர் சலுகையை இழப்பார்.

இக்குறையைக் களையும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் அமைத்த குழு, போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளிகள் இட்டு, அவற்றிற்கேற்பக் கூடுதல் கட்டணம் பெறலாம் என்று 2021ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. மது அருந்தி ஓட்டுவதற்கு 100 புள்ளிகளும், தவறான இடத்தில் வண்டி நிறுத்துவதற்கு 10 புள்ளிகளும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஓட்டும் தூரத்தையும் முறையையும் பொறுத்துக் கட்டணம் அமையும் திட்டங்களுக்கு 2022 ஜூலையில் ஆணையம் இசைவளித்தது. வேகம், திடீரென நிறுத்துதல் போன்றவற்றைக் கருவிகள் பதிவுசெய்து காட்டும்.

ஓட்டுநரின் கவனம் அவரது பணத்தை மட்டும் சேமிப்பதன்று. சாலையைக் கடக்கும் முதியவரும், மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் நம்பியிருப்பது அக்கவனத்தையே.

சொற்பொருள்

உடைமையாளர் – சொந்தக்காரர்
விழுக்காடு – சதவீதம்
இழப்பீடு – இழப்புக்கு ஈடாகத் தரப்படும் தொகை
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. மூன்றாம் நபர் காப்பீடு எவற்றை ஈடுசெய்கிறது?
2. ஒருவரின் சொந்தச் சேதக் கட்டணம் 8,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இழப்பீடு கோராதவராயின், அவர் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு?
3. சிறு சேதத்திற்கு இழப்பீடு கோருவது ஏன் நட்டத்தில் முடியலாம்?
4. விதிமீறலுக்கேற்பக் கட்டணம் பெறுவது சரியா? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.