ஏலக்காய் ஸ்டோரில் விசிறி எதற்கு?

இடுக்கி வண்டன்மேட்டில் பறித்த பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் ஈரம். காய் உலர்த்தும் அறையான ஸ்டோரைச் சூடேற்றினால் மட்டும் காய்ந்துவிடுமா? காயாது. காயிலிருந்து கிளம்பும் நீராவி வெளியேறாவிட்டால் அறைக்காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். மேற்கொண்டு ஈரத்தை ஏற்காது. காய் புழுங்கி, பச்சை மங்கும். போடி ஏலத்தில் விலையும் இறங்கும். அதனால்தான் முதல் சில மணி நேரம் காற்றுவழிகளைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுகிறார்கள். பிறகு அடைத்து, 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் நிறுத்துகிறார்கள்.

முன்பு இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து விறகு தள்ளிச் சூட்டைக் காத்தார். தானியங்கி உலர்த்திகளில் அந்த வேலை தெர்மோஸ்டாட்டுடையது. ஆனால் அது அறிவது வெப்பத்தை மட்டுமே. ஈரத்தை அளக்கத் தனி சென்சார் வேண்டும். உலர்த்தி வாங்கப் போகிறவர்களே, அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.