அரை ஓட்டைக் கணக்கு

மும்பை–புனே சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்து சேர்பவருக்கு ஒரு பட்டம் என்றால், கண்டாலாவுக்கு ஏறும் போர்காட் மலைப்பாதையை முதலில் ஏறி முடிப்பவருக்கு வேறொரு பட்டம் உண்டு. மராத்தியில் 'காட்டாச்சா ராஜா', மலைப்பாதையின் ராஜா. ஏற்றம் முடிந்ததும் பழைய நெடுஞ்சாலை லோனாவளா, காம்ஷேத், வட்காவ் என்று ஓடி, தளேகாவை ஒட்டிக் கடந்து புனேக்குள் நுழைகிறது. சாலையோரம் நின்று கைதட்டுபவர்கள் வீரர்களின் கால்களைத்தான் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு கிலோ எடைகூட வராத சக்கரம் ஒரு முழு ஆளைச் சுமந்துகொண்டு, குழியில் விழுந்து எழுந்து, நெளியாமல் ஓடுவது யார் கண்ணிலும் படாது.

அந்தச் சக்கரத்தின் ரகசியம் தொடங்குவது அதன் நடுவில், ஹப்பில் உள்ள ஓட்டைகளில்.

மாட்டுவண்டிச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் விஷயம் எளிதில் பிடிபடும். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டா. பாரம் ஏறும்போது தரையைத் தொடும் பக்கத்து ஆரக்கால் தூண்போல நின்று அதைத் தாங்குகிறது. அதனால்தான் அது தடித்த மரம். சைக்கிள் கம்பியோ 2 மில்லிமீட்டர் தடிமன். அதைத் தரையில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்தினாலே வளைந்துவிடும். ஆனால் இழுத்துப் பார்த்தால் கதை வேறு: நூறு கிலோ விசைக்கும் அசையாது. ஆகவே சைக்கிள் சக்கரத்தில் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கி இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். 36 கம்பிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 80 கிலோ இழுப்பு என்று வைத்தால், யாரும் ஏறி உட்காராத சக்கரத்துக்குள்ளேயே மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான இழுபறி நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் நாம் மேல் கம்பிகளில் தொங்குகிறோமா? பலரும் அப்படித்தான் விளக்குவார்கள். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆள் ஏறியதும் மேல் கம்பிகளில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. தரையைத் தொடும் இடத்துக்கு மேலுள்ள சில கம்பிகளின் இழுப்பு மட்டும் குறைகிறது. அந்தக் குறைவுதான் பாரம் தாங்கப்படும் விதம். இழுப்பு முற்றிலும் தீர்ந்து கம்பி தொளதொளத்துவிட்டால் அதற்கு மேல் அது தாங்காது. கம்பியை இறுக்கமாகக் கட்டுவதன் காரணம் அதுவே.

இந்த யோசனைக்கு வயது இரு நூற்றாண்டு. பறக்கும் இயந்திரத்துக்கு இலேசான சக்கரம் தேடிய இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1808இலேயே இழுகம்பிச் சக்கரத்தை வரைந்து பார்த்தார். பாரிசில் யூஜீன் மேயர் 1869இல் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் கம்பிகள் ஹப்பிலிருந்து நேராக வெளியே போனதில் ஒரு தொல்லை இருந்தது. பெடலை மிதித்து ஹப்பைத் திருகும்போது, வெளிவட்டமான ரிம்மைச் சுழற்றும் பிடிமானம் நேர்க்கம்பிகளுக்குக் கிடையாது. ஹப் தனியே முறுக்கிக்கொள்ளும். கோவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளைச் சாய்த்தார். பாதிக் கம்பிகள் ஒருபுறம் சாய, மறுபாதி எதிர்ப்புறம் சாய, அவை ஒன்றையொன்று வெட்டிக் கடந்தன. இன்றுவரை தெருவில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்களில் இருப்பது அந்தச் சாய்வுதான்.

நம் ஊர்க் கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள். இது பிரிட்டிஷ் பழக்கம். ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு பின்னால் விழுகிறது. கேரியரில் ஏறும் அரிசி மூட்டையும் பால் கேனும் அங்கேதான். மற்ற பல சைக்கிள்களில் இரு சக்கரத்துக்கும் 36. கணக்கைச் சொல்ல 36 வசதியான எண்.

ஹப்பின் இருபுறமும் இரண்டு வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் 18 ஓட்டை, அதாவது 20 டிகிரிக்கு ஒன்று. ரிம்மில் 36 ஓட்டை, 10 டிகிரிக்கு ஒன்று. ரிம் ஓட்டைகள் மாறி மாறி வலத் தட்டுக்கும் இடத் தட்டுக்கும் சொந்தம். கூர்ந்து பார்த்தால் பல ரிம்களில் அவை லேசாக அந்தந்தப் பக்கம் விலகியே துளைக்கப்பட்டிருக்கும். இப்போது ஹப்பைக் கையில் எடுத்து, ஒரு தட்டின் ஓட்டை வழியே கம்பியை அச்சுக்கு இணையாக நுழைத்தால் எதிர்த்தட்டில் ஓட்டைக்குள் போகாது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே முட்டி நிற்கும். செய்தவர்களின் கைப்பிழை என்று நினைக்க வேண்டாம். இரு தட்டுகளும் வேண்டுமென்றே அரை இடைவெளி, அதாவது 10 டிகிரி, தள்ளி வைக்கப்பட்டுள்ளன. ரிம்மில் அடுத்த ஓட்டையும் அதே 10 டிகிரிதானே! இந்த இரண்டும் பொருந்துவதில்தான் முழுச் சக்கரமும் இருக்கிறது.

புதிதாகச் சக்கரம் கோர்ப்பவர் தடுமாறும் இடமும் இதுதான். முதல் கம்பியை ரிம்மில் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். அதன்பின் தட்டில் ஓர் ஓட்டை விட்டு ஓர் ஓட்டை, ரிம்மில் மூன்று விட்டு நான்காவது என்று ஒன்பது கம்பிகள். அடுத்த ஒன்பது எதிர்த்தட்டுக்கு. முதல் கம்பியிலிருந்து ரிம்மில் எந்தப் பக்கம் ஓர் ஓட்டை நகர்ந்தோமோ, ஹப்பிலும் அதே பக்கம் அரை இடைவெளி நகர வேண்டும். எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பாதி வேலை முடிந்த பிறகு, சில கம்பிகள் ரிம்மில் அவற்றைப் பிடிக்கும் குட்டி நட்டான நிப்பிளை எட்டாமலும் சில நீண்டும் நிற்கும்போதுதான் மண்டையில் உறைக்கும். மொத்தத்தையும் கழற்ற வேண்டியதுதான்.

பதினெட்டு முடிந்ததும் ஹப்பைத் திருகிக் கம்பிகளைச் சாய்க்கிறார்கள். பிறகு எதிர்ச்சாய்வுக் கம்பிகள். இவை ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைக் கடக்கும்; முதல் இரண்டுக்கு மேலாகவும் மூன்றாவதற்கு அடியிலாகவும். பாய் முடைகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் சரியாக அமைந்தால் வால்வுக்கு இருபுறமும் உள்ள கம்பிகள் விலகி நின்று பம்பின் மூக்குக்கு வழிவிடும். தவறினால் வால்வுக்கு நேர் மேலே குறுக்குக் கம்பி நிற்கும். சக்கரம் ஓடும், காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் திட்டு விழும். வால்வு ஓட்டை வழியே பார்த்தால் ஹப்பில் பொறித்த பெயர் தெரிய வேண்டும் என்பது மெனக்கெடுபவர்களின் கூடுதல் வழக்கம். சக்கரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் கோர்த்தவர் கவனக்காரர் என்பதற்கு அது அடையாளம்.

கோர்ப்பது பாதி, கோட்டம் எடுப்பது மீதி. நம்மூரில் கோட்டம் என்பதை புனே வட்டாரக் கடைகளில் 'அவுட்' என்கிறார்கள். 'அவுட் காடணே' என்றால் கோட்டம் எடுப்பது. சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழற்றி, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்தால் விலகும் இடத்தில் மட்டும் கோடு விழும். ரிம் வலப்பக்கம் விலகினால் அங்குள்ள இடக்கம்பிகளை இறுக்க வேண்டும், வலக்கம்பிகளைத் தளர்த்த வேண்டும். நிப்பிளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கம்பி நகர்வது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே கால் சுற்று, அரைச் சுற்று என்றுதான் வேலை நடக்கும். அனுபவசாலி இடையிடையே கம்பிகளை விரலால் சுண்டிப் பார்ப்பார். இறுகிய கம்பி உச்சத்தில் ஒலிக்கும், தளர்ந்தது கம்மும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரியும் சக்கரத்தில் சுருதி கலைந்திருந்தால் அது சில நாளில் மறுபடி கோணும்.

கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் இன்னொரு சிக்கல். பல்சக்கர அடுக்குக்கு இடம் விட வலத் தட்டு உள்ளே தள்ளி அமைந்திருக்கும். ஆனால் ரிம் அச்சின் இரு முனைகளுக்கும் நட்டநடுவே வந்தாக வேண்டும். அதனால் வலக்கம்பிகள் செங்குத்தாக, அதிக இறுக்கத்தில் நிற்கும். இடக்கம்பிகளில் இறுக்கம் குறைவு. நடுவில் வந்ததா என்று பார்க்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாத கடையில் சக்கரத்தைக் கழற்றி வலம் இடம் மாற்றிக் கவட்டையில் மாட்டுவார்கள். ரிம் பழைய இடத்திலேயே வந்து நின்றால் வேலை சுத்தம்.

புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். இப்போது ஸ்கூட்டர்களின் ஊர். கர்வே நகரில் விக்ரம் பேண்ட்சே சேர்த்த பழைய சைக்கிள்களை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போர்க்காலத்தில் பாராசூட் வீரர்களுக்காகச் செய்த மடிக்கும் பிஎஸ்ஏ கூட அங்கே உண்டு. சைக்கிள் தொழிற்சாலைகளில் இயந்திரமே கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கம்பி அறுந்த சக்கரத்துக்கு இன்றும் நிப்பிள் சாவியும் விரலும்தான்.

லோனாவளா, தளேகாவ் அடங்கிய மாவள் வட்டாரத்தில் மழை பலமாகக் கொட்டும். துருவேறிய நிப்பிள் சாவிக்கு மசியாது, வலிந்து திருகினால் கம்பியே முறுகி அறும். அதனால் கோர்க்கும்போதே மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். இறுக்கி முடித்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்துகிறார்கள். டிக் டிக்கென்று முறுக்கு அவிழும் சத்தம் கேட்கும். அப்படியும் புதுச் சக்கரம் கொஞ்ச நாள் ஓடியதும் கம்பிகள் தங்கள் இடத்தில் அமர்ந்து சிறு கோட்டம் தலைகாட்டும். அப்போது இன்னொரு முறை சாக்பீஸ், இன்னொரு கால் சுற்று.