தென் ஆஸ்திரேலியாவுக்குப் போறீங்களா? முதலில் இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

காலையில் திராட்சைத் தோட்டம். மாலையில் கடற்கரை. மறுநாள் செம்மண் பாலைநிலம்.

தென் ஆஸ்திரேலியா பற்றிய பயணக் காணொளிகளைப் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல்தான் தோன்றும்.

உண்மை அப்படி இல்லை. மாநிலத்தின் பரப்பளவு சுமார் 980,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட 1,300 மடங்குக்கும் மேல் பெரியது!

நான்கைந்து நாள் விடுப்பில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? அதை முடிவுசெய்ய 1865ஆம் ஆண்டில் வரையப்பட்ட ஒரு கோடு இன்றும் உதவுகிறது.

அது என்ன கோடு?

1860களில் அங்கே கடும் வறட்சி. மாநிலத்தின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் நெடுந்தூரம் சென்று செடிகொடிகளைக் கவனித்தார். மழையை நம்பிப் பயிரிடக்கூடிய நிலம் எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்.

அதுதான் கோய்டர் கோடு.

கோட்டை ஒட்டிய பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். சிங்கப்பூரில் பெய்வதோ 2,100 மில்லிமீட்டருக்கும் அதிகம்.

1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை. "இவர் என்ன சொல்வது?" என்று பல விவசாயிகள் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தார்கள். 1880களில் வறட்சி திரும்பியது. பலர் வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கல்வீடுகளின் இடிபாடுகளை இன்றும் சாலையோரத்தில் காணலாம்.

பயணிகளுக்கும் இதே கணக்குதான். கோட்டுக்குத் தெற்கே எல்லாம் கிட்ட. வடக்கே எல்லாம் எட்ட.

தெற்கே என்ன இருக்கிறது?

• அடிலெய்ட் நகரம்: சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் 7 மணி நேரம். மாநில மக்களில் பெரும்பாலோர் வசிப்பது இங்கேதான். இது கௌர்னா பூர்வகுடி மக்களின் நிலம்.

நகரத்தைத் திட்டமிட்டவர் கர்னல் வில்லியம் லைட். பெயர் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? பினாங்கில் ஜார்ஜ்டவுனை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டின் மகன்! பிறந்தது கெடா மாநிலத்தின் கோலக் கெடாவில். நகரைச் சுற்றி வளையம்போல் அவர் விட்டுவைத்த பூங்காக்கள் இன்றும் இருக்கின்றன. அடிலெய்டும் ஜார்ஜ்டவுனும் இன்று சகோதர நகரங்கள்.

1869இல் தொடங்கிய சென்ட்ரல் மார்க்கெட், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் ஃபிரிஞ்ச் கலைவிழா இரண்டும் தவறவிடக்கூடாதவை.

• கடற்கரை: நகர நடுவிலிருந்து டிராமில் ஏறினால் அரை மணி நேரத்தில் கிளெனெல்க் கடற்கரை. கார் இருந்தால் கேப் ஜெர்விஸ் வரை போய், அங்கிருந்து படகில் 45 நிமிடத்தில் கங்காரு தீவை அடையலாம். சில்லென்ற நீரில் கடற்சிங்கங்களையும் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: 2025 மார்ச்சில் இந்தக் கடலோரத்தில் தொடங்கிய நச்சுப் பாசிப் பெருக்கம் ஏராளமான மீன்களையும் மற்றக் கடல் உயிரினங்களையும் கொன்றது. தண்ணீர் நிறம் மாறியிருந்தாலோ நுரை படர்ந்திருந்தாலோ இறங்காதீர்கள்.

• ஒயின் வட்டாரம்: மெக்லாரன் வேல், பரோசா பள்ளத்தாக்கு இரண்டுமே நகரிலிருந்து சுமார் ஒரு மணி நேரத் தொலைவில். பரோசாவில் 1840களில் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

மது அருந்தாதவர்களும் போகலாமா? தாராளமாக. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழப்பாகு என்று சாப்பிட நிறைய இருக்கிறது. 1840களில் குடியேறிய ஜெர்மானியர்களின் தேவாலயங்களும் அழகு.

ஆனால் கார் ஓட்டுபவர் கவனிக்க வேண்டும். சுவைத்துப் பார்க்கக் கொடுக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களும் கணக்கில் சேரும். ரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டை எட்டினாலே குற்றம்.

வடக்கே போனால்?

அடிலெய்டிலிருந்து ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குச் சுமார் 430 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போவதைவிடத் தூரம். அங்குள்ள பாறைகளில் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த உயிரினங்களின் பதிவுகள் உள்ளன. பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே இந்த இடத்தை ஒட்டி "எடியாக்கரன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கூபர் பீடி இன்னும் தூரம். சுமார் 850 கிலோமீட்டர். 1915இல் அங்கே ஓப்பல் கல் கிடைத்தது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதால் பலர் நிலத்தடியில் குடைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். சுரங்கக் குழிகள் ஏராளம். படம் எடுக்கும்போது பின்னால் பார்க்காமல் நகராதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்!

இந்தப் பக்கம் காரில் போவதானால்:

• கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையமே இல்லை. முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள்.

• நெடுந்தூரத்துக்குக் கைத்தொலைபேசி வேலை செய்யாது. வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

• தேவைக்கு மேலேயே தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

• பொழுது சாய்ந்தபின் ஓட்ட வேண்டாம். கங்காரு திடீரென்று குறுக்கே பாயும்.

• வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு மனிதரைவிட வண்டிதான் எளிதில் கண்ணில் படும்.

• வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண்சாலையில் ஓட்டப் பலவற்றில் அனுமதி இல்லை.

பையில் ஒரு ஆப்பிள் இருந்தால் என்ன?

பெரிய விஷயம்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்ஸெரா என்ற சிறு பூச்சி திராட்சை வேர்களைத் தாக்கி ஐரோப்பியத் தோட்டங்களை நாசமாக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. தென் ஆஸ்திரேலியா 1899இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இன்றுவரை அது உள்ளே வரவில்லை. பரோசாவின் பழங்கொடிகள் பிழைத்திருப்பது அதனால்தான்.

காலணியில் ஒட்டிய மண்கூட அந்தப் பூச்சியைக் கொண்டுவரலாம். அனுமதியில்லாமல் கொடிகளுக்கு நடுவே இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

பழ ஈக்களைத் தடுக்கவும் இதே கண்டிப்பு. மெல்பர்னிலிருந்து காரில் வந்தால் எல்லையில் பழங்களை ஒப்படைக்க வேண்டும். கங்காரு தீவுக்குத் தேன் கொண்டுபோகவும் தடை. அங்குள்ள தேனீக்களை நோயின்றிக் காப்பதற்காக.

ஜூனா? டிசம்பரா?

ஜூன் அங்கே குளிர்காலம். கடலில் குளிக்க முடியாது. ஆனால் பாலைநிலத்துக்கு ஏற்ற நேரம். பகல் இதமாக இருக்கும், இரவில் நடுங்கும்.

டிசம்பர் கோடைக்காலம். கடற்கரைக்குச் சரி. வடக்கே போவதைத் தவிர்க்கலாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திராட்சை அறுவடை.

நான்கைந்து நாள்தான் என்றால் கோட்டுக்குத் தெற்கேயே இருங்கள். நகரம், ஒரு கடற்கரை, ஒரு பள்ளத்தாக்கு போதும். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் ஃபிளிண்டர்ஸைச் சேர்க்கலாம். கூபர் பீடிக்குத் தனியாக மூன்று நாள் ஒதுக்குங்கள்.

நாலையும் நாலு நாளில் முடிக்க நினைத்தால், விடுமுறை முழுக்கக் கார் கண்ணாடி வழியாகத்தான் ஊரைப் பார்க்க வேண்டியிருக்கும்.