முதல் துடுப்பைப் பிச்சாவரத்தில் போடுங்கள்

கயாக் பழக ஆசைப்படுகிறவர் கடலூர்க்காரர் என்றால், முதலில் நினைவுக்கு வருவது சில்வர் பீச்தான். வேண்டாம். மடங்கி விழும் அலையைத் தாண்டி வெளியே போவதற்கே பழகிய கை வேண்டும். திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். பின்னாலிருந்து எழும் அலை கயாக்கைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும்.

கை சோர்ந்தால் எங்கே ஒதுங்கலாம்? கவிழ்ந்தால் யார் வருவார்? புதியவர் இடம் தேடும்போது கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான். இவற்றோடு மாவட்டத்தைச் சுற்றிவந்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். கெடிலமும் பெண்ணையாறும் ஆண்டில் பெரும்பகுதி மணல். முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் தண்ணீர் உண்டு, துறைமுகத்துக்குப் போய்வரும் விசைப்படகுகளும் உண்டு. மேட்டூர் நிரம்பினால் காவிரியின் உபரிநீர் கொள்ளிடத்தில்தான் பாயும். வீராணம் ஏரி பார்க்கச் சாது. ஆனால் சுமார் 14 கி.மீ. நீளத்துக்கு மறைப்பு கிடையாது, காற்று எழுந்தால் அலையும் எழும்.

மிச்சம் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு; 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே படமாக்கிய 'இதயக்கனி' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 2004 சுனாமியில் இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பேரலையையே மட்டுப்படுத்திய காடு அன்றாடக் காற்றையா உள்ளே விடும்? வாய்க்காலுக்குள் தண்ணீர் பெரும்பாலும் தளும்பாமல் நிற்கிறது. சுற்றுலாத் துறையின் படகுக் குழாமில் துடுப்புப் படகும் படகோட்டியும் கிடைப்பதால் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

வம்பு வேறு விதத்தில் வரும். எல்லா வாய்க்காலும் ஒரே ஜாடை. இரண்டு திருப்பம் தாண்டினால் வந்த வழி எது என்று தெரியாது, வெயிலைப் பார்த்துத் திசை பிடிக்கலாமென்றால் தலைக்கு மேல் கிளைகள் கூடிவிடும். கயாக் துடுப்பு இருபுறமும் பலகை வைத்தது, ஆள் உயரத்தைவிட நீளம். குறுகலான இடத்தில் அது சுரபுன்னையின் தொங்கு வேரில் மாட்டிக்கொள்ளும். உடனே கை நீட்டி வேரைப் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதீர்கள்! வேரின் அடியில் ஒட்டியிருக்கும் ஆளி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும். துடுப்பை நெடுக்குவாட்டில் மடியோடு அணைத்து, படகைத் தானாக நழுவ விடுவதுதான் வழி. தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கவே கூடாது. நடராஜர் கோயிலுக்குத் தல விருட்சம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நேரம் பார்ப்பது பாதி வேலை. இங்கே நீர் ஏறுவதும் வற்றுவதும் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வாய்க்காலில் இழுப்பு கூடும். படகுத்துறை மேற்கே, கடல் கிழக்கே. ஆகவே கடலிலிருந்து நீர் ஏறிவரும் நேரத்தில் கிளம்புங்கள். தெம்பிருக்கும்போது எதிர்நீச்சல், அலுத்துத் திரும்பும்போது நீரே தள்ளிக்கொண்டு வரும். நீர் வற்றத் தொடங்குமுன் கரை சேர்ந்துவிட வேண்டும். வற்றும்போது கிளம்பியவருக்கு எல்லாமே தலைகீழ். போதாக்குறைக்கு ஓரமெல்லாம் சேறாகிவிடும். இறங்கினால் முழங்கால் வரை புதையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். இது காப்புக்காடு என்பதால், சொந்தக் கயாக்கோடு வருகிறவர் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். காலையில் இரண்டு மணி நேரம் போதும், முன்னே ஒரு துடுப்புப் படகு போகட்டும். கிழக்கே சின்ன வாய்க்கால் முகத்துவாரம் வரை போகும் ஆசையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் போகலாமா வேண்டாமா என்பதைப் படகோட்டியே சொல்லட்டும்.