இலவச மின்னூல்: வாசகர் எதைக் கேட்கலாம்?

கல்முனைக் கரையோரத்தில் பெரும்பாலும் எழுதியவரேதான் பதிப்பாளர். முந்நூறோ ஐந்நூறோ பிரதி அச்சிடுவார். பாடசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கும், ஊர்ப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதி பெறுவார், அச்சகக் கடன் ஓரளவு தீரும். மிச்சப் பிரதிகள் வீட்டு அலுமாரிக்குப் போய்விடும். சில வருடம் கழித்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஆய்வுக்கென்று தேடினால் அந்தப் புத்தகம் எந்தக் கடையிலும் இருக்காது.

அந்த அலுமாரியும் நிலையானதல்ல. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் புகுந்த வீடுகளில் புத்தகங்களும் போயின. அடுத்த வருடம், 2005இல், ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளத் தருகிறது. தமிழில் இலவச மின்னூலுக்கு முன்னரே வழி போட்டது 1998இல் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம். தமிழ்நாட்டில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் 2013 முதல் எழுத்தாளர் அனுமதியோடு மின்னூல்களை வெளியிடுகிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மின்னூலுக்கு இது பொருந்தாது. விலை இல்லை என்பதற்காக வாசகரின் நேரமும் டேட்டாவும் இலவசமாகிவிடாது.

முதலில் கேட்க வேண்டியது அனுமதி. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் வாழும் காலமும் இறந்தபின் 70 வருடமும் உரிமை நிற்கும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். அவர் எழுத்தை யாரும் மின்னூலாக்கலாம். 1975இல் காலமான பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனின் கவிதைகளுக்கு 2045 முடியும்வரை குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் உலாவும் பிடிஎப் பலவற்றில் யார் அனுமதித்தார் என்ற ஒரு வரிகூட இல்லை. அது எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது, எழுத்துரு. இதுதான் நம் பக்கத்தில் பெரிய தலைவலி. இங்கே பல வருடம் புத்தகங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின. திரையில் தமிழாகத் தெரியும். பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். தேடினால் கிடைக்காது. பார்வையற்றவரின் கைபேசி அதை வாசித்துக் காட்டாது. வெறும் ஸ்கேன் படமும் அப்படித்தான். எழுத்துணரி கொண்டு எழுத்தாக மாற்றாதவரை அது படம் மட்டுமே. ஆறு அங்குலத் திரையில் ஏ4 பக்கத்தை இழுத்து இழுத்து வாசிப்பவர் பத்தாம் பக்கத்தில் நிறுத்திவிடுவார். யுனிகோட்டில் அமைந்த ஈபப் கோப்பு திரைக்கேற்ப மடங்கும், அளவிலும் சிறியது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஈபப்போடு ஆறு அங்குலப் பிடிஎப்பும் தருவது இதற்காகத்தான்.

மூன்றாவது, முழுமை. முகப்பு, பதிப்பு விபரம், அச்சகப் பெயர், முன்னுரை எல்லாம் இருக்க வேண்டும். எம். ஏ. நுஃமான் போன்றோர் கல்முனையில் வாசகர் சங்கம் என்ற பெயரில் நூல் வெளியிட்ட வரலாறு அந்த விபரப் பக்கங்களில்தான் பதிவாகியிருக்கிறது. அவற்றைக் கழற்றிவிட்டால் எந்தப் பதிப்பு என்றே தெரியாமல் போகும்.

ஆனால் ஸ்கேன் செய்பவர்கள் பெரும்பாலும் நன்கொடையிலும் தன்னார்வத்திலும் இயங்குகிறவர்கள். எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. நம் எழுத்தாளர்கள் செய்யக்கூடியது எளிது: அச்சுக்குக் கொடுத்த கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றி, மின்னூலாக வெளியிடச் சம்மதம் என்று கையொப்பமிட்ட ஒரு கடிதத்தோடு கொடுங்கள். விழா முடிந்து ஒரு வருடம் கழித்துக் கொடுத்தாலும் போதும். வாப்பாவின் பழைய நூல்கள் வீட்டில் இருந்தால், கறையான் அரிக்குமுன் பிள்ளைகளாகிய நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.