வீட்டுக்குள் ஒரு கடல்



பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் நசரத்பேட்டை வரும். அங்கிருந்து கடற்கரை இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பக்கத்தில் இருப்பது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் நீரோ நன்னீர். இவ்வூரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, என் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைக்கப் போகிறேன். பவளப்பாறையும் வண்ண மீன்களும் அதில் இருக்க வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். "தம்பி, முதலில் காகிதமும் பென்சிலும் எடு" என்றேன். அன்று நாங்கள் இருவரும் போட்ட கணக்கைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடல் மீன்களைக் கண்ணாடிக்குள் காணும் ஆசை சென்னைக்குப் புதிதன்று. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், 1909-ஆம் ஆண்டில் மெரீனா கடற்கரையில் பொதுமக்களுக்கென ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. கடலின் கரையிலேயே அமைந்திருந்த அதற்குக் கடல்நீர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நசரத்பேட்டையிலோ கடலையே நாம் ஆக்கிக்கொள்ள வேண்டும். வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

முதற் கணக்கு எடையைப் பற்றியது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி. ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர்; ஆகவே தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 680 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. எனவே நிறைந்த தொட்டியின் நீர் மட்டுமே 700 கிலோவை எட்டும். கண்ணாடி, கல், மணல் ஆகியவற்றையும் சேர்த்தால் 900 கிலோவைத் தாண்டும். நம் வீடுகளின் மாடித்தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமைக்கே கணக்கிட்டுக் கட்டப்படுகிறது. இத்தொட்டி ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மிகுதியான இடத்தில் அதைப் போல் நான்கு மடங்கு சுமையை ஏற்றும். மாடியில் வைக்க எண்ணியிருந்த மாணவர், கணக்கின் விடையைப் பார்த்ததும் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார்.

அடுத்தது நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மை மிகுதி. குழாய் நீரிலோ குளோரின் கலந்திருக்கும். இரண்டுமே நேரடியாக உதவா. நுண்சவ்வின் வழியே அழுத்தி வடித்த தூய நீரை எடுத்து, அதில் உப்பைக் கரைக்க வேண்டும். 2013-இல் தொடங்கப்பட்ட நெம்மேலி நிலையத்தில் இதே நுண்சவ்வு கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் குடிநீராக்குகிறது. நாமோ நன்னீரை எடுத்துக் கடல்நீராக்குகிறோம்!

"உப்புதானே ஐயா, கடையில் கல்லுப்பு கிடைக்குமே?" என்று கேட்டார் மாணவர். இது பலரும் செய்யும் பிழை. கடல்நீர் ஒரு கிலோவில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் உள்ளன. சோடியமும் குளோரைடும் அவற்றுள் 85 விழுக்காட்டளவு. எஞ்சியவை சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. சாலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றித் திரட்டிவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் வேதியியலார் பகுத்தாய்ந்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், முதன்மைப் பொருள்களின் விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை என்று 1884-இல் அவர் நிறுவினார். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைக் கவனியுங்கள். கடல்நீர் வற்றும்போது சுண்ணச்சத்து முன்னதாகவே படிந்துவிடுகிறது. பிறகு சமையல் உப்பு படிகிறது. உப்பை வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது. ஆகவே கல்லுப்பு கடலில் பிறந்ததாயினும், அதனுள் கடல் முழுமையாக இல்லை. எல்லாப் பொருள்களும் உரிய விகிதத்தில் கலந்த உப்புக் கலவையே வேண்டும். கல்லும் மணலும் அடைத்த இடம் போக 600 லிட்டர் நீர் நிற்கும் என்றால், 21 கிலோ கலவை தேவைப்படும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பள்ளி ஆய்வகத்தில் ஒரு சிறு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தேன. நீர் குறையக் குறைய, கடல் மீனுக்கு நன்னீர் ஆகாது என்று எண்ணி உப்புநீரையே ஊற்றி வந்தேன். ஒரு மாதத்துக்குள் மீன்கள் அனைத்தும் மாண்டன. ஆவியாகி மேலே போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நம் 600 லிட்டர் தொட்டியில் வாரம் 30 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் அதை உப்புநீரால் நிரப்பினால், வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் உப்பு கூடும். நான்கு வாரங்களில் லிட்டருக்கு 35 கிராம் என்பது 42 கிராம் ஆகிவிடும்! ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆயினும் அதைப் போடாத ஆசிரியரால் மீன்கள் இறந்தன. ஆகவே ஆவியான நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது தூய நன்னீர். அழுக்கு நீரை வெளியேற்றி மாற்றும்போது மட்டுமே உப்புநீர் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மூன்றாவது வெப்பம். பாறை மீன்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் ஏற்றது. பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சித்திரை வெயிலோ 40 பாகையைத் தொடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். உப்புநீரிலோ நன்னீரைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்களவு குறைவாகவே அது கரையும். ஆகவே கடல் மீனுக்கு மூச்சுத்திணறல் விரைந்து வரும். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியை வீசச் செய்தால், மண்பானை நீர் குளிர்வதைப் போலவே தொட்டி நீரும் சற்றுக் குளிரும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அது போதாது; குளிர்விக்கும் பொறி தேவைப்படும். அதன் மின்செலவையும் முன்னரே கணக்கிட வேண்டும்.

தொட்டி, நீர், குளிர்ச்சி ஆகிய மூன்றும் அமைந்த பின்னரும் மீன்களை விட்டுவிடலாகாது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது, அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். கடைசியில் கிடைக்கும் நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். உறை ஊற்றாத பால் தயிராவதில்லை; உறை ஊற்றிய பாலும் உடனே தோய்வதில்லை. தொட்டியும் அப்படியே தோய வேண்டும். மீனில்லாத தொட்டியில் சிறிதளவு அம்மோனியாவைச் சேர்த்து, நாள்தோறும் சோதித்து வந்தால், முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அந்தப் பொறுமையே இக்கலையின் பாதி.

1961-ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்மிக்க கற்களையும் மெல்லிய காற்றுக் குமிழ்களையும் கொண்டே பவளத் தொட்டிகளைப் பேணும் முறையை எழுதி வெளியிட்டார். கல்லே வடிகட்டி என்னும் கருத்து அதனால் பரவியது. கரையில் அலை நுரையை ஒதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்த உயிர்க்கழிவு குமிழியின் மேல் ஒட்டி நுரையாகிறது. இதே இயல்பைப் பயன்படுத்தி, நுண்குமிழிகளை எழுப்பிக் கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் நுரைப்பிரிப்பான் இன்று பெரும்பாலான பெரிய கடல்நீர்த் தொட்டிகளில் இடம்பெறுகிறது.

இனி மாணவரின் மனத்தில் முதலிடம் பெற்றிருந்த பவளத்துக்கு வருவோம். "மன்னார் வளைகுடாவிலிருந்து நாலைந்து உயிர்ப்பவளம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், ஐயா" என்றார். நான் வேண்டாம் என்றேன். கற்பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இடம்பெற்ற அட்டவணை அது. உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும் அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? பவளம் என்பது கல்லன்று. சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் கதிரொளியில் உணவு சமைத்து அவற்றுக்கு ஊட்டுகின்றன. கோடைக்குரிய உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே, பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இவ்வாறு வெளுப்பு நேர்ந்தது. உருண்டைப் பவளங்களோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளர்பவை. ஒரு தேங்காயளவு பவளத்தை உடைத்தால், உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பிருந்து வளர்ந்ததை உடைக்கிறீர்கள்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. அப்பகுதி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முன்னாளில் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கே முருகைக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற பாறை குறைந்தது, கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் தேய்ந்து சுருங்கியமையால், அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. கூடத்து அலங்காரத்துக்காக நாமும் அக்கல்லில் கை வைக்கலாமா?

மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தொட்டியே வேண்டாமா ஐயா?" என்றார். வேண்டும். நுண்துளைகள் மிகுந்த சுட்ட மண் கற்களும் சிமெண்டுக் கற்களும் உண்டு. உப்புநீரில் ஊறவைத்துக் காரம் நீக்கி அடுக்கினால், நுண்ணுயிர்கள் அவற்றிலும் குடியேறும். மீன்களையும் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தாரும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளனர். பொரிப்பகத்தில் பிறந்த மீன் கண்ணாடிச் சுவருக்கும் கைப்பிடி இரைக்கும் பழகியது. அது கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் பெரியதே பெண்ணாக மாறும். முட்டைகளுக்குத் துடுப்பால் நீரை வீசிக் காப்பது தந்தை மீன். இதைக் கண்ணெதிரே காணும் மாணவனுக்கு உயிரியல் பாடம் மறக்குமா?

சேர்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் பாசி மேயும் நத்தைகள். பிறகு சாதுவான மீன்கள். இடத்துக்குப் போரிடும் இனங்கள் கடைசியில். எந்த மீனையும் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே சேர்க்க வேண்டும். 600 லிட்டருக்குச் சிறு மீன்கள் எட்டோ பத்தோ போதும். அழகைக் கண்டு வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கிவிடாதீர்கள். அவற்றுள் பல இனங்கள் பவளத்தையே உண்பவை. நம் தொட்டியில் அவை பட்டினியால் மடியும்.

இறுதியாக ஒரு துயரம். மாணவரின் தொட்டி அமைந்து நன்றாகவே நடந்துவந்தது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் கரையைக் கடந்தது. மின்சாரம் போயிற்று, நாட்கணக்கில் திரும்பவில்லை. நீரோட்டம் நின்றது. வீட்டார் முறைவைத்துக் குவளையால் நீரை மொண்டு மொண்டு ஊற்றினர். ஆயினும் இரண்டாம் நாள் விடியற்காலையில் மூன்று மீன்களே எஞ்சின. குளிர்விக்கும் பொறிக்குப் பணம் செலவிட்டவர், மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக்குழாயை வாங்க மறந்திருந்தார். நானும் நினைவூட்டத் தவறியிருந்தேன். எங்கள் கணக்கில் விடுபட்ட வரி அது ஒன்றே.

அத்தொட்டி மறுபடி தோய்ந்து, மறுபடி உயிர் பெற்றது. இப்போது அதன் அருகில் மின்கலம் ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது.

மாணவ மணிகளே, அறுநூறு லிட்டர் கடலைக் காக்க இத்தனை கணக்கும் இத்தனை காவலும் தேவைப்படுகின்றன. மன்னார் வளைகுடா இதையெல்லாம் கேட்பாரின்றி, மின்சாரமின்றி நடத்திவருகிறது. நாம் அதற்குச் செய்ய வேண்டியது, அதை உடைக்காமல் விடுவது ஒன்றுதான்.